ஸ்பெயின் ஓவியங்களை கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டினேன்: கடை எப்படி, படங்கள் எப்படி

கேன்வாஸ் பிரிண்ட் போட்டுத் தர்ற கடை இப்போ தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்னு எல்லா ஊர்லயும் வந்தாச்சு. கல்யாண ஆல்பம் பண்றவங்க பாதிப்பேர் இதையும் சேர்த்துதான் பண்றாங்க, ஆனா மெஷினை செட் பண்ணி வச்சிருக்கறது என்னவோ மாப்ள பொண்ணு முகம் பளிச்னு தெரியறதுக்குத்தான். நான் கொண்டு போனது பெரும்பாலும் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தின ஸ்பெயின் ஓவியங்கள், அதுல பாதி இடம் இருட்டு. அதனால இந்த ரிவ்யூ, பழைய ஓவியம் ஏதாவது வீட்ல மாட்டணும்னு ஆசை இருந்து எங்க போறது என்ன கேக்கறதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்காக எழுதறது. கூடவே ஒவ்வொரு படமும் சுவத்துல ஏறினப்புறம் எனக்கும் வீட்ல இருக்கறவங்களுக்கும் என்ன பண்ணுச்சுன்னும் சொல்லிடறேன், ஏன்னா அது இல்லாம வெறும் பிரிண்ட் குவாலிட்டி மட்டும் பேசி என்ன பிரயோஜனம்.

நான் திருப்தியா இருக்கற கடை கும்பகோணத்துல ஒரு சந்துக்குள்ள இருக்கு, சின்ன கடை, ஒரு அண்ணனும் வேலைக்கு ஒரு தம்பியும் மட்டும்தான். கேன்வாஸ் சதுர அடி 180 ரூபா வாங்கினாங்க, ஃப்ரேம் தனி. மூணு அடி உயரப் படம் ஒண்ணு கருப்பு மரச்சட்டத்தோட கைக்கு வரும்போது 2500 கிட்ட ஆச்சு. இதுக்கு முன்னாடி வேற ஊர்ல ஒரு கடைல கொடுத்துப் பாத்தேன், கருப்பு பூரா பச்சை கலந்த சாம்பலா வந்துச்சு, கேட்டா ஃபைலே அப்படித்தான்னு சொல்லிட்டாங்க, அதே ஃபைலைத்தான் கும்பகோணம் அண்ணன்கிட்ட கொடுத்தேன், அவரு எதுவும் பேசாம நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஸ்ட்ரிப் மட்டும் அடிச்சு வெளிய வெயில்ல கொண்டு போய்க் காட்டி "இது போதுமாம்மா, இல்ல இன்னும் இறக்கணுமா"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு முழு மார்க்கும் கொடுப்பேன். ட்யூப்லைட் வெளிச்சத்துல கருப்பைப் பாத்து ஓகே சொல்லவே சொல்லாதீங்க.

கருப்பைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறேன்னா, இத்தனை மாசம் இந்தப் படங்களோடயே வீட்ல இருந்ததுல எனக்குப் புரிஞ்ச விஷயம் அதுதான். ஸ்பெயின்காரங்க ஓவியத்துல ஸ்டைல் எவ்வளவோ மாறியிருக்கு, துறவி மடத்துக்கு வரைஞ்சவங்க, ராஜாவுக்கு வரைஞ்சவங்க, பிக்காசோ மாதிரி எல்லாத்தையும் உடைச்சுப் போட்டவங்க, ஆனா இருட்டை சும்மா பின்னணிக்கு நிரப்பற கலரா அவங்க வச்சுக்கல. அந்த இருட்டுலதான் படமே நடக்குது. நம்ம தஞ்சாவூர் ஓவியத்துல தங்க ரேக்கு செய்யற வேலையை அங்க கருப்பு செய்யுது, சாமி முகத்தைச் சுத்தி தங்கம் எப்படி முகத்தை முன்னாடி தள்ளுதோ அதே மாதிரி ஒரு முட்டைக்கோஸை கருப்பு முன்னாடி தள்ளுது.

முட்டைக்கோஸ்னு சும்மா சொல்லல, நான் முதல்ல மாட்டினதே அதுதான். சாஞ்செஸ் கோட்டான்னு ஒருத்தர், டொலேடோ ஊர்ல இருந்தவர், 1602 வாக்குல வரைஞ்சது, அசல் இப்போ அமெரிக்காவுல சான் டியேகோ மியூசியத்துல இருக்கு. ஜன்னல் மாதிரி ஒரு கல் சட்டம். இடது பக்கம் மேலேருந்து கயித்துல ஒரு சீமைமாதுளை தொங்குது, அதுக்குக் கொஞ்சம் கீழ இன்னொரு கயித்துல முட்டைக்கோஸ், அப்புறம் விளிம்பு மேல வெட்டின முலாம்பழம், அதுல ஒரு கீத்து, கடைசியா ஒரு வெள்ளரிக்காய். அவ்வளவுதான் படம். அஞ்சும் ஒரு வளைவா இறங்கி வருது, வெள்ளரிக்காய் நுனி விளிம்பைத் தாண்டி நம்ம பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, அதோட நிழல் கல்லு மேல விழுந்திருக்கு. மீதி எல்லாம் கருப்பு. அந்தக் காலத்துல காய்கறி சீக்கிரம் கெடக்கூடாதுன்னு அப்படித் தொங்க விடற வழக்கமாம். வரைஞ்சவர் அடுத்த வருஷமே எல்லாத்தையும் விட்டுட்டு மடத்துல சேந்துட்டார். சமையக்கட்டுக்குப் போற வழில மாட்டியிருக்கேன், வர்றவங்க எல்லாரும் முதல்ல சிரிச்சுட்டு அப்புறம் கிட்டப் போய் நின்னு பேசாம பாக்கறாங்க. காய்கறிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படம் நான் வேற பாத்ததில்ல. பிரிண்ட்டும் அருமை, முட்டைக்கோஸ் இலை நரம்பு ஒவ்வொண்ணும் தெரியுது.

சுர்பரான்ற இன்னொரு ஓவியரோட ஆட்டுக்குட்டி அதுக்கு எதிர்ச் சுவத்துல. மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கறது, 1635லேருந்து 40க்குள்ள வரைஞ்சது. அசலே சின்னதுதான், 37 சென்டிமீட்டருக்கு 62, அதனால அதே அளவுலயே பிரிண்ட் போடச் சொல்லிட்டேன். இதை நான் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவேன், சின்னப் படமா இருந்தா அசல் அளவுலயே போடுங்க, பெருசு பண்ணாதீங்க. சாம்பல் மேடை மேல ஒரு ஆடு, கால் நாலையும் சேர்த்துக் கட்டியிருக்கு, பின்னாடி கருப்பு. ஒளிவட்டம் கிடையாது, சிலுவை கிடையாது, ஏசுவைத்தான் சொல்றார்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு அது ஒரு ஆடு. சந்தைலேருந்து ஆட்டை இப்படிக் கட்டித்தான் வண்டில போட்டுக் கொண்டு வருவாங்கன்றதால எங்க வீட்ல யாரும் என்னன்னு கேக்கல. அம்மா மட்டும் "உசுரோட இருக்குடி அது"ன்னாங்க. ஆமா, கண்ணு பாதி திறந்திருக்கு. ரோமம் சுருள் சுருளா, வயித்துப் பக்கம் கொஞ்சம் அழுக்கா, கயித்து முடிச்சு இறுக்கமா. அம்மாவுக்கு அதை ஹால்ல மாட்டறதுல விருப்பம் இல்ல, ஆனா எடுக்கவும் சொல்லல.

எல் கிரெக்கோன்ற ஓவியர் வரைஞ்சதுல ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன், நெஞ்சுல கை வச்ச பிரபு, 1580 வாக்குல வரைஞ்சது. கருப்புச் சட்டை, கழுத்துலயும் மணிக்கட்டுலயும் வெள்ளை லேஸ், வாள் பிடி மட்டும் மின்னுது. இவரு பிறந்தது கிரீஸ் பக்கம் கிரீட் தீவுல, வேலை பாத்து செத்தது டொலேடோவுல. இவரு வரையற உருவங்கள் நீளநீளமா இருக்கும், அதுக்குக் கண்ணு கோளாறுதான் காரணம்னு கூட ஒரு காலத்துல டாக்டருங்க எழுதியிருக்காங்க. சுவாமிமலை ஸ்தபதி வார்த்த சிலையைப் பாத்து வளந்த நமக்கு இந்தக் கேள்வியே வராது. கை நீளமா இருந்தா அழகு, விரல் நீண்டு வளைஞ்சா அதுல ஒரு பாவனை இருக்கு. இந்தப் படத்துல நடு ரெண்டு விரலும் ஒட்டியிருக்கும், மத்தது விரிஞ்சிருக்கும். தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல இருக்கற வெண்கலங்களைப் பாத்துட்டு வந்து இதைப் பாருங்க.

இப்போ வெலாஸ்கேஸ், ஸ்பெயின் ராஜாவோட அரண்மனை ஓவியர். இவரைப் பத்திக் கொஞ்சம் நிறையவே பேசணும்.

லாஸ் மெனினாஸ், அதாவது பணிப்பெண்கள்ன்ற அவரோட படம், அந்த ஃபைலைத் திறந்ததும் கடைத் தம்பி கேட்டாரு, "அக்கா, மேல பாதி வெறும் இருட்டாத்தானே இருக்கு, ஸ்டாண்டர்ட் சைஸுக்கு வெட்டிரவா, ஆளுங்கல்லாம் பெருசா வருவாங்க." நான் "வேணாம் தம்பி, ஒரு விரல்கூட வெட்டாதீங்க"ன்னு சொன்னேன். அவரு கேட்டது நியாயம்தான், கடைல எல்லாப் படத்துக்கும் கேக்கறதுதான், ஆனா இதுல வெட்டினா படமே போச்சு. 1656ல வரைஞ்சது, அசல் பத்தரை அடி உயரம், ஒம்பது அடி அகலம். அத்தனை பேரும் கீழ்ப் பாதிலதான் நிக்கறாங்க, மேல் பாதி பூரா கூரையும் சுவரும் மங்கலா மாட்டியிருக்கற பழைய படங்களும், கூரைல விளக்கு தொங்கவிடற கொக்கி மட்டும் காலியா. அந்தக் காலி இடம் இருக்கறதாலதான் அந்த அஞ்சு வயசுப் பொண்ணு, இளவரசி மார்கரீட்டா, அவ்வளவு பெரிய அரண்மனைல எவ்வளவு சின்ன ஆளுன்னு தெரியுது. அந்த அரண்மனை 1734ல எரிஞ்சு போச்சு, படத்தை மட்டும் காப்பாத்திட்டாங்க.

படத்துல என்ன நடக்குதுன்றதுக்கு இத்தனை வருஷமா உலகம் பூரா எழுதிக்கிட்டே இருக்காங்க. இடது பக்கம் வெலாஸ்கேஸ் தானே நிக்கறாரு, முன்னாடி பெரிய கேன்வாஸ், அதோட முதுகுதான் நமக்குத் தெரியுது. பின்சுவத்துக் கண்ணாடில ராஜா நாலாம் ஃபிலிப்பும் ராணியும். அப்போ அவங்க நம்ம நிக்கற இடத்துல நிக்கறாங்க. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது இல்ல, இளவரசிக்குப் பணிப்பெண் ஒரு தட்டுல நீட்டற சின்னச் சிவப்பு மண் குவளை. தங்கம் வெள்ளில எல்லாம் இருக்கற வீட்ல குடிக்கத் தண்ணி மண் குவளைல. அந்த மண்ணோட வாசனைக்காகவே ஸ்பெயின்ல அதுக்கு அவ்வளவு மவுசு. பிரிண்ட்ல அந்தக் குவளை என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கு, அந்தச் சிவப்பு மட்டும் தனியாத் தெரியுது. அப்புறம் இளவரசி கை சட்டை. ஒரு அடி தூரத்துல நின்னா வெறும் தீத்தல், வெள்ளையும் சாம்பலும் சிவப்பும் அவசரமா தடவி விட்ட மாதிரி, எதுவுமே துணி இல்ல. எட்டடி தள்ளி நின்னா வெள்ளி சரிகை. பிரிண்ட்லயே இது நடக்குது, அதனாலதான் மூணு அடிக்குக் குறைச்சு இதைப் போடாதீங்கன்னு சொல்றேன், ஏ3 சைஸ்ல போட்டா வெறும் காலண்டர் படம்.

ஓவியர் தன்னையே படத்துக்குள்ள கொண்டு வர்றது எங்க ஊருக்குப் புதுசு இல்ல. திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்துல மேல் விதானத்துல முசுகுந்த சக்கரவர்த்தி கதை வரைஞ்சிருக்கு, அதுவும் 17ஆம் நூற்றாண்டுன்னுதான் சொல்றாங்க, கிட்டத்தட்ட வெலாஸ்கேஸ் காலம், படத்துக்குக் கீழ தமிழ்ல விளக்கம் எழுதி, வரைஞ்சவர் பேர் சிங்காதனம்னும் அதுலயே இருக்கு. அரசனுக்கும் சாமிக்கும் வேலை பாத்த ஒரு மனுஷன், இதை நான் செஞ்சேன்னு சொல்லிக்கணும்னு நினைச்சிருக்கான். வெலாஸ்கேஸ் நெஞ்சுல ஒரு சிவப்புச் சிலுவை இருக்கும், அது சான்டியாகோ வீரர் பட்டம், அதை அவருக்குக் கொடுத்ததே 1659ல, அதாவது படம் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, அதனால அதைப் பின்னாடிதான் சேர்த்திருக்கணும். ஓவியர்னா கைவேலைக்காரன்னு ஒதுக்கி வச்ச காலத்துல அந்தப் பட்டம் வாங்க அவரு எவ்வளவு அலைஞ்சாரோ, அதை நினைச்சுப் பாத்தா அந்தச் சிலுவை வெறும் அலங்காரமாத் தெரியல எனக்கு.

வெலாஸ்கேஸ்ல இன்னொண்ணு போட்டேன், செவில் ஊர்த் தண்ணி விக்கறவர். 1620 வாக்குல, இருபது வயசு சுமாருக்கு வரைஞ்சது, அசல் லண்டன்ல ஆப்ஸ்லி ஹவுஸ்ல இருக்கு, நெப்போலியன் அண்ணன் ஸ்பெயினை விட்டு ஓடும்போது தூக்கிக்கிட்டுப் போன சாமான்ல இருந்து இங்கிலாந்துத் தளபதி வெலிங்டன் கைக்குப் போய், ஸ்பெயின் ராஜாவே நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாராம். கிழிஞ்ச அங்கி போட்ட ஒரு பெரியவர் ஒரு பையனுக்குக் கண்ணாடி கிளாஸ்ல தண்ணி கொடுக்கறாரு. முன்னாடி பெரிய மண்பானை, அது பக்கவாட்டுல தண்ணி கசிஞ்சு ரெண்டு மூணு சொட்டு வழியுது. கிளாஸ் அடில ஒரு அத்திப்பழம் கிடக்கு, தண்ணி வாசனையா இருக்கறதுக்கு. நாம சித்திரைல பானைத் தண்ணில வெட்டிவேர் போடறோம்ல. அந்தப் பெரியவர் முகத்தைப் பாருங்க, ராஜாவை வரையும்போது எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் இந்த முகத்துக்கும் இருக்கு, ஒரு சுருக்கம் விடல. பானைச் சொட்டு சரியா விழறதுக்குக் கடைக்கார அண்ணன் ரெண்டாவது ஸ்ட்ரிப் அடிச்சுப் பாத்தாரு, அதுக்குத் தனியா காசு கேக்கல. முத்தத்துல வெயில் படாத பக்கமா மாட்டியிருக்கேன், இந்த வீட்டுக்காகவே வரைஞ்ச படம் மாதிரி உக்காந்துருச்சு.

கோயா. இவரோட பெரிய படம் 1808 மே மூணு, மலையடில நெப்போலியனோட சிப்பாய்ங்க மாட்ரிட் ஜனங்களைச் சுட்டுத் தள்றது, 1814ல வரைஞ்சது. சுடறவங்க முகம் ஒண்ணுகூட இல்ல, வரிசையா முதுகு. சாகப் போறவங்களுக்கு மட்டும்தான் முகம். தரையில ஒரு லாந்தர், அந்த வெளிச்சம் பூரா வெள்ளைச் சட்டைக்காரன் மேல. இதை நான் மாட்டல, ஃபைல் எடுத்து வச்சிருக்கேன், எடுத்து எடுத்துப் பாக்கறேன், தினம் சாப்பிடற இடத்துல வைக்க எனக்கு முடியல.

மாட்டினது நாய். கோயா 1819ல மாட்ரிட் ஓரத்துல ஒரு வீடு வாங்கினாரு, அப்போ எழுபதைத் தாண்டிட்டாரு, காது சுத்தமா கேக்காம போயி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வீட்டுச் சுவத்துலயே நேரா எண்ணெய் வண்ணத்துல 14 படம் வரைஞ்சாரு, யாரும் கேக்கல, யாரும் காசு கொடுக்கல, தலைப்புக்கூட அவரு வைக்கல. கருப்பு ஓவியங்கள்னு பின்னாடி வந்தவங்கதான் பேர் வச்சாங்க. தன் பிள்ளையையே தின்னற ரோமானிய சாமி சாட்டர்ன் அதுல ஒண்ணு. 1874லேருந்து அதையெல்லாம் சுவத்துலேருந்து பேத்து கேன்வாஸுக்கு மாத்தினாங்க, மாத்தும்போது நிறைய வண்ணம் போயிடுச்சு, நம்ம பாக்கறது மிச்சம்தான். நம்ம பெரிய கோயில் உள் திருச்சுற்றுல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடிச்சது, அப்புறம் தொல்லியல் துறை மேல் அடுக்கைப் பக்குவமா பிரிச்செடுத்தது, இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு சுவத்து ஓவியத்தைப் பேக்கறதுன்னா எவ்வளவு பயம்னு புரியும்.

நாய்ப் படத்துல ஒண்ணுமே இல்ல. அசல் 131 சென்டிமீட்டர் உயரம். கீழ சரிவா கருப்பு பழுப்பு மண்ணோ தண்ணியோ, அதுக்கு மேல ஒரு நாய்த் தலை மட்டும், காது பின்னாடி ஒட்டி, மேல பாக்குது. அதுக்கு மேல நாலுல மூணு பங்குக்கு வெறும் மஞ்சப் பழுப்பு, அதுல ஒண்ணும் கிடையாது. முங்குதா, எட்டிப் பாக்குதா, யாரையாவது தேடுதா தெரியாது. அப்பா பாத்துட்டு "கொள்ளிடத்துல தண்ணி ஏறினப்போ இப்படித்தான்"னு மட்டும் சொன்னாரு, மேல பேசல. இந்தப் பிரிண்ட்தான் கடைக்குக் கஷ்டமா இருந்துச்சு, அந்தப் பழுப்பு ஒரு தடவை மஞ்சளா வந்துச்சு, ஒரு தடவை சிவப்படிச்சுச்சு. கடைசில வந்ததும் அசலுக்கு நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் சூடா இருக்கு. ஆனா நாயோட கண்ணு இருக்கு. வெள்ளையா ஒரு புள்ளி. அது போதும். எல்லாப் படத்துலயும் ஒண்ணை மட்டும் வச்சுக்கன்னா இதைத்தான் வச்சுக்குவேன்.

பிக்காசோவோட குவெர்னிகா படத்தை நான் பிரிண்ட் போடல. பிக்காசோ இறந்தது 1973, நம்ம சட்டப்படி வரைஞ்சவர் இறந்து 60 வருஷத்துக்குக் காப்பிரைட் இருக்கு, டாலி, மிரோன்ற மத்த ரெண்டு ஸ்பெயின் ஓவியருங்களுக்கும் அப்படித்தான், அதனால இவங்க மூணு பேரோட படத்தையும் ஃபைல் இறக்கிக் கடைல கொடுக்காதீங்க, முறையா விக்கற போஸ்டரா வாங்கி ஃப்ரேம் மட்டும் போடுங்க. என் சித்தி பையன் மாட்ரிட் போயிருந்தப்போ ரெய்னா சோஃபியா மியூசியம் கடைல இருந்து வாங்கிட்டு வந்தான். அசல் பதினொண்ணரை அடி உயரம், இருபத்தஞ்சரை அடி நீளம். 1937 ஏப்ரல் 26ஆம் தேதி, ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்போ, அங்க குவெர்னிகான்ற ஊர் மேல ஜெர்மன், இத்தாலி விமானங்கள் குண்டு போட்டுச்சு, அன்னிக்குத் திங்கள்கிழமை, சந்தை நாள். பாரிஸ்ல இருந்த பிக்காசோ பேப்பர்ல பாத்துட்டு ஒரு மாசம் சுமாருக்குள்ள வரைஞ்சு முடிச்சாரு. கருப்பு, வெள்ளை, சாம்பல், வேற நிறம் இல்ல. குதிரை உடம்பு பூரா சின்னச் சின்னக் கோடு, அச்சடிச்ச பேப்பர் மாதிரியே இருக்கும். ஸ்பெயின்ல ஜனநாயகம் திரும்பி வந்தாத்தான் படம் அங்க போகணும்னு அவரு உறுதியா இருந்தாரு, 1981லதான் போச்சு.

போஸ்டர்ல கடைசி வலது ஓரம் ஒரு ஆள், எரியற வீட்டுக்குள்ள, ரெண்டு கையையும் மேல தூக்கி வாய் திறந்து. இதைக் கியூபிசம்னு சொல்றாங்க, உடைஞ்ச கோணம், ஒரே பக்கம் ரெண்டு கண்ணு, அதெல்லாம் சரி. எங்க ஊர்லேருந்து கிட்டக்கதான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரு குடிசைக்குள்ள 44 பேரை எரிச்சாங்க, கூலி கூட்டிக் கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள், பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான் அதிகம். அந்த ஊர் பக்கத்துல வளந்தவங்களுக்கு அந்தக் கையைப் பாத்தா விளக்கம் வேணாம். யாரும் எனக்குச் சொல்லித் தரல, படத்தை விரிச்ச உடனே அதுதான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கீழ இடது பக்கம் பாத்தேன், செத்துக் கிடக்கற வீரன் கையில உடைஞ்ச வாள், அது பக்கத்துல மெல்லிசா ஒரு பூ. சின்ன போஸ்டர்ல கண்டுபிடிக்கவே கஷ்டம். தேடிப் பாருங்க.

ரெண்டு படம் வெளிச்சத்துக்காகப் போட்டேன், ரெண்டும் சொரோயா, வாலன்சியாக்காரர், இறந்தது 1923, அதனால தாராளமா பிரிண்ட் போடலாம். கடற்கரைல நடக்கறது, 1909, அவரு சம்சாரமும் மூத்த பொண்ணும் வெள்ளை டிரஸ்ல காத்துல நடந்து போறாங்க. அதுல வெள்ளைன்னு ஒரு நிறமே இல்ல, நீலம், ஊதா, மோர் நிறம், இதெல்லாம்தான் சேர்ந்து வெள்ளையாத் தெரியுது. வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் முதல்ல பிடிக்கறது இது, பிரிண்ட்டும் சுலபமா வந்துடுச்சு. எனக்கு ரெண்டாவதுதான் பெருசு. 1894ல வரைஞ்சது, தலைப்பு: இதுக்கப்புறமும் மீன் விலை ஜாஸ்தின்றாங்க. படகோட அடிவயித்துக்குள்ள, அடிபட்ட ஒரு பையனை ரெண்டு வயசானவங்க தாங்கிப் பிடிச்சுக் காயத்தை அமுக்கறாங்க, பின்னாடி பிடிச்ச மீன் குவிஞ்சு கிடக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கறவங்க வீட்ல எல்லாம் இந்தப் படம் இருக்கணும்னு நினைக்கறேன். கடலுக்குப் போனவன் திரும்பலைன்ற செய்தி எத்தனை தடவை நமக்கு வந்திருக்கு, அதே நாளு மார்க்கெட்ல வஞ்சிரம் என்ன விலைன்னு பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கோம். இதை மீன் வாங்கற ஒரு அக்காகிட்ட போன்ல காமிச்சேன், ரொம்ப நேரம் பாத்துட்டு அந்தப் பையன் கழுத்துல கிடக்கறதைக் காமிச்சு "தாயத்து கட்டியிருக்கான் பாரு"ன்னாங்க. நான் அதுவரைக்கும் அதைக் கவனிக்கவே இல்ல.

மிரோவோட பண்ணை வீடு போஸ்டர் அப்பாவுக்கு. 1921, 22ல வரைஞ்சது, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே வாங்கி வச்சிருந்த படம், இப்போ வாஷிங்டன்ல இருக்கு. மிரோன்னாலே புள்ளியும் கோடும் நட்சத்திரமும்னு நினைப்பாங்க, இது அதுக்கு முன்னாடி. நடுவுல ஒரு மரம், ஒரு பக்கம் விரிசல் விட்ட சுவர் வீடு, இன்னொரு பக்கம் கோழி, முயல் எல்லாம் இருக்கற கொட்டில், தண்ணி ஊத்தற வாளி, நத்தை, ஏணி, எல்லாம் தனித்தனியா எண்ணற மாதிரி. அப்பா அரை மணி நேரம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்தாரு. "ஒரு சாமானை விடல, குடியானவன் வீட்டுப் பையன்தான் இதை வரைஞ்சிருக்கணும்"னு சொன்னாரு. மிரோ அப்பா நகை, கடிகார வேலைக்காரர்னாலும் மோன்ட்ரோய்க்ன்ற ஊர்ல அவங்க குடும்பப் பண்ணைதான் அது.

டாலியோட உருகற கடிகாரம் 24 சென்டிமீட்டருக்கு 33தான், ஒரு பெரிய நோட்டு அளவு. அதனாலயே அது அவ்வளவு கூர்மை. கடைகள்ல மூணு அடிக்குப் பெருசு பண்ணின டாலி விக்கறாங்க, வாங்காதீங்க, அந்த எறும்பு மொய்க்கற கடிகாரம் எல்லாம் பெருசானா சப்புன்னு ஆயிடுது. எனக்கு அந்தப் படம் அவ்வளவா ஒட்டல, பின்னாடி இருக்கற பாறையும் கடலும் மட்டும் பிடிச்சிருந்துச்சு.

கடை விஷயத்துக்கு வரேன். ஃபைலை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருங்கிடும், டாக்குமென்டா அனுப்புங்க, இல்ல பென்டிரைவ்ல கொண்டு போங்க. மூணு அடிக்கு நீளப் பக்கம் 5400 பிக்சலாவது இருக்கட்டும். இருட்டுப் படத்துக்குக் கண்ணாடி போடவே போடாதீங்க, ஜன்னலும் நம்ம முகமும்தான் தெரியும், கேன்வாஸ்ல மேட் கோட்டிங் போதும், பளபளப்பு வேணாம்னு ரெண்டு தடவை சொல்லுங்க, ஏன்னா அவங்க கை தன்னால பளபளப்புக்குத்தான் போகுது. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல சுவர் ஓதம் ஏறும், ஃப்ரேம் பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி சுவத்துக்கும் படத்துக்கும் இடைவெளி விடச் சொல்லுங்க, அட்டைக்குப் பதிலா பின்னாடி ஃபோம் ஷீட் போட்டா உப்பாது. பேப்பர் போஸ்டர்னா கண்ணாடி தவிர்க்க முடியாது, பின்பக்கத்தை டேப் போட்டு முழுசா மூடச் சொல்லுங்க, ராமபாணப் பூச்சி உள்ள போனா ஒரு மழைக்காலத்துல ஓரம் பூரா அரிச்சிடும்.

குறைன்னு பாத்தா ஃப்ரேம் மூலை. ரெண்டு படத்துல 45 டிகிரி சேரலை, நடுவுல மயிரிழை இடைவெளி தெரிஞ்சுச்சு, சொன்னதும் மாத்திக் கொடுத்தாங்க, ஆனா நாமளா பாத்துச் சொல்லணும். சொன்ன தேதிக்குக் கிடைக்காது, முகூர்த்த மாசத்துல அவங்ககிட்ட போகவே போகாதீங்க.

அடுத்ததுக்கு முரியோன்ற ஸ்பெயின் ஓவியரோட பிச்சைக்காரப் பையன் ஃபைல் கொடுத்திருக்கேன், பாரிஸ் லூவ்ர்ல இருக்கறது, 1645லேருந்து 50க்குள்ள வரைஞ்சது. ஜன்னல் வெயில்ல உக்காந்து சட்டைல பேன் பாக்கறான், பக்கத்துல மண் குடம், தரையில தின்னு போட்ட இறால் தோல். இந்தத் தடவை ஸ்ட்ரிப் அடிக்கும்போது முகத்துல இல்லாம அந்த அழுக்குப் பாதமும் இறால் தோலும் இருக்கற இடமாப் பாத்து அடிக்கச் சொல்லியிருக்கேன், அங்க பழுப்பு சரியா வந்துட்டா மீதி தானா வந்துரும்.